விரலளவுச் சீட்டு

மோதிரத்தின் வாய் ஒடுங்கியிருந்தது.

வலன்ரைன் மேசை விளக்கைக் கிட்ட இழுத்து வைத்துப் பார்த்தான். பூதக்கண்ணாடியை எடுத்தும் பார்த்தான். போன கிழமை இதே லாச்சிக்குள், இதே பஞ்சின் மேல் வைத்தபோது வளையத்தின் இரண்டு நுனிகளுக்கும் நடுவில் அவனுடைய பெருவிரல் நகம் படுக்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது. இப்போது ஒரு தீக்குச்சிதான் போகும். லாச்சியின் திறப்பு அவனுடைய கழுத்துச் சங்கிலியில் சின்னச் சிலுவையோடு தொங்கிக்கொண்டிருந்தது. வேறு யாரும் திறந்திருக்க முடியாது.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் இந்த மோதிரங்களைத் தெரியாதவர்கள். தங்கமா, வெள்ளியா, ஒன்றுமில்லை. முந்தின காலத்தில் பிஸ்கட் பெட்டிக்குள்ளும் சூயிங்கம் உறைக்குள்ளும் பிள்ளைகளை மயக்குவதற்காக இலவசமாகப் போட்ட தகர மோதிரங்கள்தான். எந்தப் பிள்ளையின் விரலுக்கும் பொருந்த வேண்டுமென்று வளையத்தின் பின்பக்கத்தை ஒட்டாமல் விட்டிருப்பார்கள். பிள்ளை அதை நெரித்தோ விரித்தோ தன் விரலுக்கு அளவாக்கிக்கொள்ளும். சேகரிப்பவன் மட்டும் அந்த வாயில் கை வைக்கவே கூடாது. பழைய தகரம் ஒரு தடவை வளைந்தால் வெடித்துவிடும். அதனால் ஒவ்வொரு மோதிரமும் தன்னைக் கடைசியாகப் போட்டிருந்த விரலின் அளவிலேயே நின்றுவிடுகிறது. வலன்ரைனுக்கு அதில் ஒரு சொல்லமுடியாத ஆசை. அந்த வெற்று வட்டத்துக்குள் எப்போதோ ஒரு உயிருள்ள விரல் இருந்தது என்று நினைக்க அவனுக்குப் பிடிக்கும்.

அதைவிடப் பிடித்தது காகிதம். மோதிரம் வந்த சின்ன உறை, விளம்பரத் துண்டு, மடித்து வைத்த விளக்கத்தாள். மோதிரம் எத்தனையும் அகப்படும், அதனுடைய காகிதம்தான் அகப்படாது. தாய் பிரித்தெறிந்துவிடுவாள், பிள்ளை கிழித்துவிடும். காகிதத்தோடு சேர்ந்த மோதிரம்தான் முழு மோதிரம் என்பான் அவன். வன்னியில் பிறப்புச் சான்றிதழ் முதல் பள்ளிக்கூட றிப்போட் வரை எல்லாம் எரிந்துபோய், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காகக் கெஸ்தூராப் பொலிஸ் கந்தோரின் வாசலில் வருடக்கணக்காகக் கால்கடுக்க நின்ற மனுசன் அவன். ஒரு பிஸ்கட் மோதிரம்கூடத் தன் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருப்பதைப் பார்த்தால் அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இந்த மோதிரம் பலெர்மோவுக்குப் பக்கத்தில், பகேரியாவில் கிடைத்தது. செத்தவர்களின் வீடுகளைக் காலிசெய்து கொடுப்பது அவனுடைய தொழில். கூட வேலை செய்கிறவர் அருளையா. அந்தப் பழைய வீட்டின் மேல்மாடியில், யன்னல் அடைத்துக் கிடந்த ஓர் அறையில் குழந்தைக் கட்டில் ஒன்றும் அதன் பக்கத்தில் ஓர் அலுமாரியும் இருந்தன. அலுமாரி நிறையச் சப்பாத்து. ஒரு சின்னப்பிள்ளையின் கையகலத்தில் தொடங்கி, வரிசையாகப் பெருத்துப் பெருத்து, வளர்ந்த பெண்ணின் அளவில் போய் முடிந்தன. எல்லாம் தோல், எல்லாம் மினுக்கி அடுக்கியவை. அருளையா ஒரு சோடியைத் திருப்பி அதன் அடியை வலன்ரைனுக்குக் காட்டினார்.

"ஆரும் போட்ட சப்பாத்தில்லைத் தம்பி. பார், அடியிலை ஒரு கீறல் இல்லை."

பணக்காரருக்கு எல்லாம் மிச்சம் என்று சொல்லி அவர் தன் மகளுக்கு ஒரு சோடியை எடுத்துக்கொண்டார். வலன்ரைன் தகரப்பேணியை எடுத்துக்கொண்டான். அது கட்டிலின் கால்மாட்டில் மெத்தைக்கு அடியில் கிடந்தது. வீட்டை விற்றவர், செத்த மனுசியின் மருமகன், குப்பையென்றுதான் சொன்னார். பேணிக்குள் நட்சத்திரம் பதித்த மோதிரம் ஒன்று, ஒரு பெரிய மனுசியின் விரலளவுக்கு வாய் விரிந்து கிடந்தது. அதோடு ஒரு விளக்கத்தாளும் இருந்தது. அதன் அடியில், கை படாத ஓர் அளவுச்சீட்டும் இருந்தது.

அந்தச் சீட்டை அவன் விளிம்பில் மட்டும் பிடித்துத் தூக்கினான். வெள்ளை மட்டையில் சின்னதிலிருந்து பெரிதாக வரிசையாய்த் துளைகள். விரலை விட்டுப் பார், பொருந்துகிற துளையில் குறி போடு, பெயரை எழுது, மரித்தவர்களின் நாள் விடியும்போது உன் பரிசு உன் கட்டிலுக்கு வரும் என்று இத்தாலியனில் அச்சடித்திருந்தது. பக்கத்தில் ஒரு படம். தலையில் முக்காடிட்ட ஒரு பெண் தூங்குகிற பிள்ளையின் விரலில் மோதிரம் போடுகிறாள். அவளுடைய முகத்துக்கு மை போதவில்லைப் போலிருந்தது, வெறும் வெள்ளை. பலெர்மோவில் மரித்தவர்களின் நாளென்றால் பிள்ளைகளுக்குப் பெருநாள். செத்துப்போன சொந்தக்காரர் இரவோடு இரவாக வந்து விளையாட்டுச் சாமானும் சீனிப் பொம்மையும் வைத்துவிட்டுப் போவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிஸ்கட் கம்பனிக்காரன் அதை வைத்து வியாபாரம் செய்திருக்கிறான், கெட்டிக்காரன் என்று வலன்ரைன் சிரித்துக்கொண்டான்.

சீட்டைக் கெடுத்தது ஜெனனி.

அவனுடைய ஒரே மகள். இந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்தாள். அவன் குளித்துவிட்டு வருவதற்குள் மேசையில் இருந்த சீட்டின் துளையொன்றில் மோதிரவிரலை விட்டு, சுற்றிவரப் பென்சிலால் வட்டம் போட்டு, கீழே தன் பெயரை அழகாக எழுதிவைத்திருந்தாள். அப்பா பார்த்துச் சந்தோசப்படுவார் என்று விரலை எடுக்காமலே காத்திருந்தாள்.

அவனுக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. அடிக்கவில்லை. ஆனால் அவளைப் பார்த்து ஒருநாளும் சொல்லாத சொல்லைச் சொன்னான்.

"கெட்ட பிள்ளை. நீ ஒரு கெட்ட பிள்ளை."

ஜெனனி அழவில்லை. விரலை மெல்ல உருவிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்று அவனையே பார்த்தாள். அவன் அழிறப்பரால் பெயரைத் தேய்த்தான். பென்சில் போய்விட்டது. மட்டையில் பதிந்த கோடு போகவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஜெனனி என்று இன்னும் வாசிக்கலாம்.

மோதிரத்தின் வாய் ஒடுங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஒக்டோபர் கடைசியில் ஆபிரிக்காவிலிருந்து சிறொக்கோ வீசத் தொடங்கியது. அவர்கள் குடியிருந்த அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய ஒழுங்கைகளுக்குள் அந்தச் சூடான காற்று புகுந்தால் போக வழியின்றிச் சுவரோடு சுவர் உரசிக்கொண்டு நிற்கும். பல்லாரோச் சந்தையின் மீன் நாற்றமும் பொரித்த மாவின் எண்ணெய் மணமும் செம்மண் தூசியும் ஒன்றாகச் சேர்ந்து நாலாம் மாடி வரைக்கும் ஏறிவரும். பகலிலும் யன்னல் பலகைகளை இழுத்து அடைத்து வீட்டை இருட்டாக்கி வைத்திருந்தார்கள். அந்த இருட்டுக்குள் வேறொரு மணமும் இருந்தது. பெருஞ்சீரகம் போட்ட பிஸ்கட்டின் மணம். வலன்ரைன் அதைத் தேடிக் குசினிக்குள் போனான், பிள்ளையின் பள்ளிக்கூடப் பையைத் திறந்து பார்த்தான், கடைசியில் லாச்சியின் முன்னால் வந்து நின்றான். மணம் அங்கேதான் இருந்தது. மோதிரத்தின் வாய்க்குள் இப்போது தீக்குச்சியும் போகவில்லை.

காற்றின் ஈரப்பதன், தகரம் சுருங்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். தகரம் தானாகச் சுருங்காது என்று அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

ஒருநாள் காலை, சுதாஜினி பிள்ளைக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டாள். அவனுடைய மனைவி சுதாஜினி ஒரேத்தோத் தெருவில் ஒரு கிழட்டு இத்தாலிய சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்கிறாள். நோயும் காயமும் கண்டு பழகியவள், லேசில் பதறமாட்டாள். ஜெனனியின் மோதிரவிரலை நீட்டிக் காட்டினாள். அடியில் சுற்றிவரச் சிவந்த பள்ளம், நூலை இறுக்கிக் கட்டி அவிழ்த்ததைப்போல. யார் கட்டியது என்று கேட்டதற்கு, ஒரு மாமி வந்து அளந்து பார்க்கிறவ என்று ஜெனனி சொன்னாள். எந்த மாமி? முகம் தெரியேல்லை. பிஸ்கட் மணக்கும். அவ்வளவுதான்.

சுதாஜினி அவனைப் பார்த்தாள். செத்த வீட்டுச் சாமானை உயிருள்ள வீட்டுக்குள் கொண்டுவராதேங்கோ என்று கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் சொல்லிவருகிறாள். இந்தத் தடவை சத்தம் போடவில்லை.

"இஞ்சாருங்கோ, நான் உங்களிட்டை ஒண்டும் கேட்டதில்லை. உந்தப் பேணியைக் காகிதத்தோடை எரிச்சுப்போடுங்கோ. எனக்குப் பிள்ளை வேணும்."

எரிக்கிறேன் என்றான். அந்த நேரத்தில் மனதார எரிக்கத்தான் நினைத்தான். பயம் அவனுக்கும் இருந்தது.

மரித்தவர்களின் நாளுக்கு முதல்நாள் பின்னேரம் பேணியோடும் தீப்பெட்டியோடும் மொட்டைமாடிக்குப் போனான். காற்றில் மூன்று குச்சி அணைந்தன. நாலாவது பிடித்தது. சீட்டின் ஓரத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான். வெள்ளை மட்டை சூட்டில் மெல்ல மஞ்சளாகியது. இதைப்போல் இன்னொன்று இந்த உலகத்தில் இருக்குமா? இத்தனை வருடம் ஒரு கையும் படாமல் கிடந்த காகிதம். அவனுடைய ஊர்க் காகிதங்கள் எரிந்தபோதும் இப்படித்தான் முதலில் மஞ்சளாகியிருக்கும். கை தானாகப் பின்னால் வந்தது. குச்சியை ஊதி அணைத்தான்.

கீழே வந்தபோது சுதாஜினி குசினி வாசலில் நின்றாள்.

"எரிச்சிட்டியளோ?"

"ஓம்," என்றான்.

அவள் பெருமூச்சு விட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, சந்தைக்குப் போய்த் தேங்காய் வாங்கி வரச்சொன்னேனே, எங்கே என்று கேட்டாள். மறந்துபோனான். நாளைக்குக் காலையில் பிட்டு அவிக்க இருந்தவள், சரி பாண் சாப்பிடுங்கோ என்று சொல்லிவிட்டு வேலைச் சட்டையை மினுக்கப் போனாள். சிஞ்ஞோராவைக் கல்லறைக்குப் பூவோடு கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம், கூட்டத்துக்கு முதல் போக வேண்டுமாம், அதனால் அவள் விடியமுன்னமே வெளிக்கிட வேண்டும்.

பேணியை ஒளிக்க இடம் தேடியவனை ஜெனனி கண்டுவிட்டாள். ஆனால் அவள் கேட்டது வேறு.

"அப்பா, கிரத்தூஜாவை ஒளிச்சிட்டியளோ? கெட்ட பிள்ளையளின்ரை காலை மோர்த்தி அதாலைதான் சுரண்டுவினமாம். மயெஸ்த்ரா சொன்னவ."

ரீச்சர் சொன்ன அந்தக் கதை அவனுக்கும் தெரியும், மோர்த்தி என்றால் பரிசு கொண்டுவருகிற அதே செத்தவர்கள்தான். இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் இந்த இரவில் சீஸ் சுரண்டுகிற கிரத்தூஜாவை ஒளித்து வைப்பார்கள், விளையாட்டுத்தான். அவன் அவளைத் தூக்கி முத்தம் கொடுத்து, குசினியில் தொங்கிய கிரத்தூஜாவை எடுத்து, அவள் கண் முன்னாலேயே சலவை மெசினுக்குள் போட்டான். அவள் திரும்பியதும் பேணியையும் அதற்குள் போட்டான். மூடியை அழுத்திச் சாத்தினான்.

"இனிப் பயமில்லை. வீட்டிலை சுரண்ட ஒண்டும் இல்லை," என்றான்.

ஜெனனி குசினியை ஒருதரம் சுற்றிப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவன் விளக்கை அணைத்துவிட்டான்.

விடியப்புறத்தில் அவனுக்குச் சத்தம் கேட்டது.

பாதி நித்திரை. யன்னல் பலகையைக் காற்று மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது, தூரத்தில் எந்தக் கோவிலிலோ மணி, அதற்கு அடியில் குசினியிலிருந்து சர்க், சர்க் என்று அந்தச் சத்தம். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சத்தம். மரப்பலகை நிலத்தில் ஆடுகிற ஓசை, ஒருவர் சாய்ந்து சாய்ந்து இரும்பு நாக்கில் திருவுகிற ஓசை, இடைக்கிடை தாம்பாளத்தில் பூவாக விழுகிற மெத்தென்ற ஓசை. சுதாஜினி தேங்காய் திருவுகிறாள். பிட்டு அவித்துவைத்துவிட்டுத்தான் போகப்போகிறாள். எவ்வளவு நல்லவள். இவளிடம் போய்ப் பொய் சொன்னோமே என்று அவனுக்கு மனம் கசிந்தது. இன்றைக்குக் கட்டாயம் எரித்துவிட வேண்டும். நாக்கில் எச்சில் ஊறியது. போர்வையை இழுத்துக்கொண்டு மற்றப்பக்கம் திரும்பினான். அந்தச் சத்தம் தாலாட்டுப்போல அவனைத் திரும்ப நித்திரையாக்கியது.

கைத்தொலைபேசிதான் எழுப்பியது. அறைக்குள் இருட்டு, பலகைக் கீற்றுகளில் மட்டும் வெயில். சுதாஜினி கல்லறைத்தோட்டத்திலிருந்து கதைத்தாள். பின்னால் சனம் இரைந்தது. பிள்ளை எழும்பிவிட்டாளா, கட்டிலின் கால்மாட்டில் வைத்த சீனிப் பொம்மையைக் கண்டாளா என்று கேட்டாள். இல்லை, இன்னும் நித்திரை என்றான். பிட்டுக்கு நன்றி சொன்னான்.

"என்ன பிட்டு?"

நீர் விடியத் தேங்காய் திருவினீரே, கேட்டுக்கொண்டு படுத்திருந்தேனே என்றான்.



"தேங்காயே இல்லாத வீட்டிலை நான் என்னத்தைத் திருவுறது? நான் இருட்டோடை வெளிக்கிட்டிட்டன், குசினி லைற்றும் போடேல்லை." அவளுடைய குரல் மாறியது. "இஞ்சாருங்கோ. பிள்ளை எங்கை?"

அவன் தொலைபேசியைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்தான்.

பெருஞ்சீரக மணம். வீடு முழுக்க.

நடை இருட்டாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நிலம் குளிர்ந்திருந்தது. சலவை மெசினின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே கிரத்தூஜா. பேணி. பேணிக்குள் சீட்டு, விளக்கத்தாள். மோதிரம் இல்லை.

சீட்டைப் பார்த்தான். அவன் அழித்த இடத்தில் பெயர் இருந்தது. பென்சிலில் இல்லை. அச்சில்.

குசினி வாசலில் நின்றான்.

திருவலை.

எப்போதும் மேசைக்கு அடியில், அரிசி வாளிக்குப் பின்னால் கிடக்கும் தேங்காய்த் திருவலை. ஊரிலிருந்து மாமியார் விமானத்தில் கொடுத்துவிட்டது. மரப்பலகையும் அதன் முனையில் பல்லுள்ள இரும்பு நாக்கும். அது நடுக் குசினியில் நிமிர்ந்து நின்றது. பலகையில் யாரோ உட்கார்ந்த இடத்தில் தூசி இல்லை. நாக்குக்குக் கீழே தாம்பாளம்.

சீஸ் சுரண்டியை ஒளித்தவன் இதை நினைக்கவில்லை. எந்தப் பலெர்மோக்காரனின் வீட்டிலும் இது இல்லை. இந்த வீட்டில் இருந்தது. ஜெனனி நேற்று இதைத்தான் பார்த்தாள். இதைத்தான் கேட்க வந்தாள்.

தாம்பாளத்தில் ஏதோ குவிந்திருந்தது. வெள்ளையாக. பூவாக. ஓரத்தில் மட்டும் வெள்ளை இல்லை.

அவன் அதற்கு மேல் பார்க்கவில்லை. அறைக்கு ஓடினான். ஓடினானா, விழுந்து எழும்பினானா, தெரியாது.

ஜெனனி கட்டிலில் நிமிர்ந்து படுத்திருந்தாள். கழுத்து வரைக்கும் போர்வை. முகம் மட்டும் தெரிந்தது, மெழுகைப்போல வெளிறி, ஆனால் கண் திறந்து, அமைதியாக. போர்வைக்கு மேலே வலது கை. மோதிரவிரலில் நட்சத்திர மோதிரம். மோதிரத்தின் வாய் மூடியிருந்தது. நுனியோடு நுனி, ஒட்டியதுபோல.

அவன் அவளுடைய கையைப் பிடித்தான். சூடு இருந்தது. உயிர் இருந்தது. கடவுளே, உயிர் இருந்தது. மோதிரத்தை இழுத்தான். அசையவில்லை. தோலோடு தோலாய் இருந்தது.

"குஞ்சு, என்னம்மா? அப்பாவைப் பார். ஆர் வந்தது?"

"மாமி வந்தவ." குரல் வறண்டிருந்தது. "நல்ல பிள்ளையோ, கெட்ட பிள்ளையோ எண்டு கேட்டவ. அப்பா கெட்ட பிள்ளை எண்டு சொன்னவர் எண்டு சொன்னனான்."

அவன் மோதிரத்தை மறுபடி இழுத்தான்.

"நான் பொய் சொல்லேல்லை, அப்பா."

அடுத்த அறையில், கட்டிலில் கிடந்த தொலைபேசிக்குள் சுதாஜினி இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். காற்று பலகையைத் தட்டியது. அவனுடைய கண் தானாகக் கீழே போனது. மகளின் வயிறு, முழங்கால், போர்வையின் மடிப்பு. அதற்குக் கீழே போக மறுத்தது. போர்வையைத் தூக்கக் கை நீட்டினான். கை நின்றுவிட்டது.

"நோகேல்லை," என்றாள் ஜெனனி. அவனைச் சமாதானப்படுத்துகிறவளைப்போல அவனுடைய விரலைத் தடவினாள். "எனக்கு இனி நடக்கத் தேவையில்லையாம், அப்பா. ஒவ்வொரு வருசமும் மாமி கொண்டுவந்து தருவாவாம்."

கால்மாட்டில், சீனிப் பொம்மைக்குப் பக்கத்தில், ஒரு சோடி சப்பாத்து இருந்தது. கறுப்புத் தோல், வெள்ளிக் கொளுக்கி, நன்றாக மினுக்கியது. அவளுடைய அளவைவிடக் கொஞ்சம் பெரிது. வருகிற வருடத்துக்கானது.

அவன் ஒன்றைத் திருப்பிப் பார்த்தான்.

அடியில் ஒரு கீறல் இல்லை.